ஒரு கேள்விக்கு ஓர் அட்டை

ஜூன் மாதம், இரண்டாவது வாரம். பள்ளி விட்டுக் கிளம்பும் நேரத்தில் கைபேசி ஒலித்தது. மலையடிவாரத்தில் இருக்கும் ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியை பேசினார். "சார், உங்க பிடிஎஃப்ல இருக்கிற மாதிரியேதான் செஞ்சேன். இப்ப அந்தப் பொண்ணுக்கு ரெண்டு எமிஸ் நம்பர் வந்திருக்கு. நான் என்ன சார் பண்ணட்டும்?"

அவர்மேல் தவறில்லை. தவறு எங்கள் கையேட்டில் இருந்தது. எங்கள் வட்டாரத்தில் கணினி கொஞ்சம் பழகிய ஆசிரியர்கள் ஆறு பேர் சேர்ந்து, எமிஸ் தளத்தில் பள்ளிகள் செய்ய வேண்டிய வேலைகளை விளக்கி 42 பக்கத்தில் ஒரு கையேடு தயாரித்திருந்தோம். வாட்ஸ்அப் குழுவில் போட்டோம், பாராட்டும் கிடைத்தது. 'மாணவர் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுதல்' என்ற பகுதி அந்தக் கையேட்டில் ஐந்து இடங்களில் வந்தது. சேர்க்கைக்கு ஒருமுறை, மாற்றுச் சான்றிதழுக்கு ஒருமுறை, பெயர்த் திருத்தத்துக்கு ஒருமுறை என்று தேவைப்பட்ட இடத்திலெல்லாம் நகலெடுத்து ஒட்டியிருந்தோம். பிறகு தளத்தின் திரை மாறியது. கையேட்டையும் திருத்தினோம். நான்கு இடங்களில் திருத்திவிட்டு ஐந்தாவதை விட்டுவிட்டோம். விட்டுப்போனது சேர்க்கைப் பகுதி.

தலைமையாசிரியை பழைய முறையில் தேடியிருக்கிறார், பெயர் வரவில்லை. குழந்தைக்கு ஆதாரும் எடுத்திருக்கவில்லை. புது மாணவி என்று நினைத்துப் புதிதாகப் பதிந்துவிட்டார். இரண்டு எண்களில் ஒன்றை நீக்கிச் சரிசெய்வதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. புத்தகம், நோட்டுகளை அவர் எப்படியோ சமாளித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் எங்கள் ஆறு பேருக்கும் அது உறுத்தலாகவே இருந்தது. எழுதும்போது ஒவ்வொரு வரியையும் கவனமாகத்தான் எழுதினோம். எதை எங்கே பிரிப்பது, எதை ஒரே இடத்தில் வைப்பது என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை.

இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. இன்று ஆசிரியர்களாகிய நாம் ஏராளமான உதவிக் குறிப்புகளை எழுதுகிறோம். செயலியில் வருகைப்பதிவு செய்வது எப்படி, ஹைடெக் லேபில் மதிப்பீட்டுத் தேர்வை நடத்துவது எப்படி, உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று யாராவது ஓர் ஆசிரியர் இரவில் உட்கார்ந்து எழுதி, காலையில் குழுவில் போடுகிறார். அவற்றைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரே துண்டைப் பல இடங்களில் பயன்படுத்தும் விதமாக இணையத்தில் வைக்க முடியும். எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்வதுதான் கடினம். நாங்கள் இரண்டு முறை தவறாக வெட்டினோம்.

முதல் இரண்டு வெட்டுகள்

முதல் முறை, தளத்தின் பட்டியல் எப்படி இருக்கிறதோ அப்படியே பிரித்தோம். 'மாணவர்', 'ஆசிரியர்', 'பள்ளி', 'அறிக்கைகள்' என்று திரையின் இடப்பக்கம் என்னென்ன இருந்தனவோ அவையே எங்கள் தலைப்புகள். எழுதுபவருக்கு இது மிக எளிது. பொத்தான்களை வரிசையாக அழுத்திப் பார்த்து, வந்ததை எழுதிக்கொண்டே போகலாம். தேடி வருபவருக்கு இதனால் பயனில்லை. "பிள்ளை டிசி வாங்கிட்டுப் போயிடுச்சு, பேரு இன்னும் என் ஸ்கூல்லயே காட்டுது" என்று வருகிற ஆசிரியருக்கு, இதற்கு விடை 'மாணவர்' பட்டியலில் இருக்கிறதா 'பள்ளி' பட்டியலில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அது தெரிந்திருந்தால் அவருக்கு உதவிக் குறிப்பே தேவைப்படாது.

இரண்டாம் முறை எதிர்த்திசையில் போனோம். மறுபயன்பாடு என்றால் துண்டு எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எங்களுக்கு ஓர் எண்ணம். லாகின் செய்வது ஒரு துண்டு, வகுப்பைத் தேர்ந்தெடுப்பது ஒரு துண்டு, படத்தைப் பதிவேற்றுவது ஒரு துண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தன. பார்க்கவே பெருமையாக இருந்தது. ஆனால் ஒரு குழந்தையைச் சேர்க்க ஒருவர் ஏழு பக்கங்களைத் திறக்க வேண்டியிருந்தது. பள்ளி வாசலுக்கு வந்து நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் ஊர்களும் எங்கள் வட்டாரத்தில் உண்டு. அங்கே ஏழு பக்கம் திறப்பதற்குள் மதிய உணவு இடைவேளை முடிந்துவிடும்.

அதன்பின் ஒரு சனிக்கிழமை, வட்டார வள மையத்தில் கூடினோம். வாட்ஸ்அப் குழுவில் ஓராண்டாக ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே துண்டுச்சீட்டுகளில் எழுதி, மேசையில் பரப்பினோம். ஒரே கேள்வி வெவ்வேறு சொற்களில் வந்திருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். எழுதத் தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது. மதியத்துக்குள் மேசைமேல் முப்பத்துச் சொச்சம் அடுக்குகள் இருந்தன. தளத்தின் பட்டியலோடு அவை பொருந்தவே இல்லை. ஒவ்வொரு அடுக்கும் ஒரு தலைப்பு என்று முடிவு செய்தோம்.

அட்டையும் ஏணியும்

மேசையைப் பார்த்ததும் எங்களில் மூத்த ஆசிரியை ஒருவர் சிரித்தார். "இது நம்ம ஏபிஎல் அட்டை மாதிரியே இருக்கு சார்." செயல்வழிக் கற்றல் நடந்த ஆண்டுகளில் தொடக்கப்பள்ளியில் பணியாற்றியவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒவ்வோர் அட்டையும் தன்னளவில் முழுமையானது. ஒரு குழந்தை அதை எடுத்தால் அதிலுள்ள செயலைச் செய்துமுடிக்கலாம். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரில் இருக்கும் கற்றல் ஏணி காட்டும். அட்டையில் பொருளும் ஏணியில் வரிசையும் தனித்தனியாக இருப்பதால், வரிசையை மாற்ற வேண்டுமென்றால் ஏணியை மாற்றினால் போதும். அட்டைகளைக் கிழிக்க வேண்டியதில்லை.

கணினி உலகில் இதே எண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜான் கரோல் என்பவர் 1980களில், புதிதாகக் கணினியில் தட்டச்சு பழகுபவர்கள் கையேட்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்தார். மக்கள் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதில்லை, தங்கள் வேலையில் நேராக இறங்கிவிடுகிறார்கள் என்று கண்டார். 94 பக்கக் கையேட்டுக்குப் பதிலாக 25 அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வோர் அட்டையும் பொருளுள்ள ஒரு வேலையைப் பற்றியது, மற்ற அட்டைகளைச் சாராதது. தவறு நேர்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மீள்வது என்பதும் அதிலேயே இருந்தது. அட்டை வைத்துக் கற்றவர்கள் கையேடு வைத்துக் கற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். 1990-இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தச் சோதனை விரிவாக இருக்கிறது.

அதே ஐபிஎம் நிறுவனம் 2001-இல் 'டிட்டா' என்ற எழுதும் முறையை வெளியிட்டது. 2005 முதல் அது பொதுத்தரம். உதவிக் குறிப்புகளைத் தனித்தனித் தலைப்புகளாக எழுதி, வரிசையை மட்டும் 'வரைபடம்' என்ற தனிக்கோப்பில் வைப்பார்கள். நம் ஏணி போல. அதன் பெயரில் உள்ள 'டி' என்ற எழுத்து சார்லஸ் டார்வினைக் குறிக்கிறது. ஒரு பொதுவகைத் தலைப்பிலிருந்து அதன் பண்புகளை மரபாகப் பெற்றுச் சிறப்புவகைகள் கிளைக்கலாம் என்பதால் அந்தப் பெயர். அறிவியல் ஆசிரியர்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். நமக்கு அந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அடிப்படை வகைகள் மூன்றையும்தான்: ஒரு பொருளை விளக்கும் தலைப்பு, ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் தலைப்பு, பார்த்துக்கொள்வதற்கான தகவல் தலைப்பு.

இந்த மூன்றையும் கலக்காமல் எழுதினால் வெட்டும் இடம் பாதிக்கு மேல் தானாகத் தெரிந்துவிடுகிறது. எங்கள் கையேட்டின் மாற்றுச் சான்றிதழ்ப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். மாணவர் பள்ளியை விட்டுச் செல்லும்போது அவருடைய பதிவு 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்குப் போகிறது. புதிய பள்ளி அங்கிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. எண் மாறுவதில்லை, பள்ளி மட்டும் மாறுகிறது. இவ்வளவும் விளக்கம். பதிவை அங்கே அனுப்புவது ஒரு வேலை. அங்கிருந்து எடுத்துச் சேர்ப்பது இன்னொரு வேலை. நாங்கள் மூன்றையும் நான்கு பக்கத்தில் ஒன்றாகக் குழைத்து எழுதியிருந்தோம். அனுப்புகிறவர் ஒரு பள்ளி ஆசிரியர், எடுக்கிறவர் வேறு பள்ளி ஆசிரியர். இருவருக்கும் நான்கு பக்கத்தில் பாதி தேவையில்லாதது. இப்போது மூன்று அட்டைகள். காமன் பூல் பற்றிய விளக்க அட்டை இரண்டு வேலை அட்டைகளிலிருந்தும் இணைப்பாகப் போகிறது. ஒருமுறை எழுதியது, இரண்டு இடத்தில் உதவுகிறது.

இதிலிருந்து எங்களுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. ஒரே ஆள், ஒரே அமர்வில், தொடர்ந்து செய்யும் படிகள் என்றால் எத்தனை படி இருந்தாலும் ஒரே அட்டை. இடையில் ஆள் மாறினாலோ, நாள் மாறினாலோ அங்கே வெட்டு. வேறொருவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும் என்றால் அங்கேயும் வெட்டலாம். பக்க அளவு, சொல் எண்ணிக்கை போன்றவற்றை வைத்து வெட்ட முயன்றபோதெல்லாம் தவறாகத்தான் போனது.

நாள்கள் எங்கே?

மூன்றாவது வகை, தகவல் அட்டை. இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஒன்றைத் தவிர. கடைசி நாள், தேவையான ஆவணங்கள், படத்தின் அளவு போன்றவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். இவற்றை வேலை அட்டைக்குள் எழுதினால் ஒவ்வோர் ஆண்டும் எல்லா அட்டைகளையும் தேடித் திருத்த வேண்டும். நாங்கள் 'இந்த ஆண்டின் நாள்கள்' என்று ஒரே அட்டை வைத்திருக்கிறோம். வேறெந்த அட்டையிலும் தேதி கிடையாது. உதவித்தொகை விண்ணப்பத்தில் சென்ற ஆண்டின் கடைசி நாளைப் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு வாரம் இருக்கே" என்று இருந்துவிட்டால் இழப்பு மாணவருக்கு. அடிக்கடி மாறுவதையும் அரிதாக மாறுவதையும் ஒரே பக்கத்தில் வைக்காமலிருப்பதே மறுபயன்பாட்டின் பாதி வேலை என்று இப்போது நினைக்கிறேன்.

பொதுவாக்கியதால் வந்த சிக்கல்

ஐந்து இடத்தில் ஒட்டிய 'தேடுதல்' பகுதியை ஒரே அட்டையாக்கியபோது, இனிப் பிரச்சினையே இல்லை என்று நினைத்தோம். இரண்டு வாரத்தில் புதுப் பிரச்சினை வந்தது. அந்த அட்டையின் கடைசி வரி, 'பெயர் வராவிட்டால் புதிய மாணவராகப் பதியவும்' என்று இருந்தது. சேர்க்கைக்காகத் தேடுபவருக்கு, மற்ற வழிகளிலும் தேடிப் பார்த்தபின், அது சரி. பெயரின் எழுத்துப்பிழையைத் திருத்துவதற்காகத் தேடும் ஆசிரியருக்கு அது பெருந்தவறு. பிழையாக எழுதப்பட்ட பெயர் தேடலில் வராமல் போவது இயல்புதானே! நல்லவேளையாக ஓர் ஆசிரியர் சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டார். இல்லையென்றால் இன்னொரு குழந்தைக்கு இரண்டு எண் வந்திருக்கும், அதுவும் நாங்கள் சீர்திருத்தம் செய்த பிறகு.

சொற்கள் ஒன்றாக இருக்கின்றன என்பதால் மட்டும் இரண்டு பகுதிகளை ஒன்றாக்கிவிட முடியாது என்று அப்போது புரிந்தது. தேடும் படிகள் எல்லாருக்கும் பொது. தேடிய பின் என்ன செய்வது என்ற முடிவு, எதற்காகத் தேடினோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே பொது அட்டையைத் தேடல் முடிவு திரையில் வரும் இடத்தோடு நிறுத்தினோம். 'வந்தால் இப்படி, வராவிட்டால் இப்படி' என்பதை அந்தந்த வேலை அட்டைக்கே திருப்பிக் கொடுத்தோம்.

கல்வித் தொழில்நுட்பத்தில் இதே சிக்கலை டேவிட் வைலி என்ற அமெரிக்கக் கல்வியாளர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். அன்று இணையப் பாடங்களைச் சிறுசிறு 'கற்றல் பொருள்'களாக வெட்டி, லெகோ கட்டைகள் போல எதையும் எதோடும் சேர்த்துப் பாடம் கட்டலாம் என்ற பேச்சு பரவலாக இருந்தது. வைலி லெகோவை விட்டுவிட்டு அணுவை எடுத்துக்கொண்டார். எல்லா அணுவும் எல்லா அணுவோடும் சேராது; சேர்வதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு, சேர்ப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு துண்டிலிருந்து சூழலை நீக்க நீக்க அது பல இடத்துக்குப் பொருந்தும். ஆனால் கற்பிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். இதை அவர் மறுபயன்பாட்டின் முரண் என்றார்.

வகுப்பறையில் இதை நாம் தினமும் பார்க்கிறோம். ஒளிச்சேர்க்கைக்கு நாம் எடுத்த ஒரு காணொலியில் "போன வாரம் நம்ம பள்ளித் தோட்டத்துல பார்த்தோமே, அந்த முருங்கை" என்று தொடங்கினால் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பக்கத்துப் பள்ளிக்கு அது பயன்படாது. முருங்கையை எடுத்துவிட்டால் எல்லாப் பள்ளிக்கும் பயன்படும், ஆனால் யாரும் நிமிர மாட்டார்கள். நான் இப்போது முருங்கையை வகுப்பில் நேரடியாகப் பேசிவிட்டு, காணொலியில் இலையின் உள்ளே நடப்பதை மட்டும் வைக்கிறேன். உதவி அட்டையிலும் அதேதான் செய்தோம்: பொதுவான படிகள் ஓர் இடத்தில், சூழல் அவரவர் அட்டையில்.

எல்லா மறுபடியையும் ஒழிக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்' என்ற வரி எங்கள் ஒன்பது அட்டைகளில் வருகிறது. அதைத் தனி அட்டையாக்கி இணைப்புக் கொடுத்தால் சிரிப்பார்கள். நாளை மாறப்போகாத ஒரு வரி ஒன்பது இடத்தில் இருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அட்டை தனித்து நிற்கிறதா?

இணையத்தில் தேடி வருபவர் எந்த அட்டையில் வந்து இறங்குவார் என்று நமக்குத் தெரியாது. வந்து இறங்குவதே அவருக்கு முதல் பக்கம். எனவே 'மேலே கூறியவாறு', 'முன்பு பார்த்ததுபோல', 'அடுத்த பகுதியில்' என்ற சொற்கள் அட்டைக்குள் இருக்கக்கூடாது. எங்கள் பழைய கையேட்டைக் கணினியில் திறந்து இந்தச் சொற்களைத் தேடிப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒன்றாவது வந்தது. அட்டை எழுதி முடித்ததும் இந்தச் சோதனையைச் செய்ய ஒரு நிமிடம் போதும்.

தலைப்பும் தனித்து நிற்க வேண்டும். 'மாணவர் விவரம் - 2' என்று இருந்ததை 'வேறு பள்ளியிலிருந்து வந்த மாணவரைச் சேர்த்தல்' என்று மாற்றினோம். நீளம்தான். ஆனால் தேடல் பட்டியலில் தலைப்பை மட்டும் பார்க்கும் ஆசிரியர், இது தனக்கானதா என்று திறக்காமலே முடிவு செய்ய முடிகிறது. தலைப்பில் 'மற்றும்' என்ற சொல் வந்தால் நாங்கள் சந்தேகப்படுவோம். பெரும்பாலும் அங்கே இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு வேலை அட்டையின் அடியிலும் 'தவறாகிவிட்டால்' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறோம். கரோலின் அட்டைகளிலிருந்து எடுத்துக்கொண்டது இது. சேர்க்கை அட்டையில் அந்த இடத்தில் 'ஒரே குழந்தைக்கு இரண்டு எண் வந்துவிட்டால்' என்று இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவர் அந்த மலையடிவாரத் தலைமையாசிரியைதான். யாரிடம் மனு கொடுப்பது, என்ன நகல் இணைப்பது என்று எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

எதில் வைப்பது

செலவில்லாத வழியே போதும். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பு. அவற்றை வரிசைப்படுத்திக் காட்ட ஒரு கூகுள் சைட்ஸ் பக்கம். சைட்ஸ் பக்கத்தில் கோப்பைப் பதித்துவிட்டால், கோப்பைத் திருத்தும்போது பக்கத்திலும் திருத்தம் தெரியும். ஒரே கோப்பை மூன்று பக்கங்களில் பதித்தாலும் திருத்துவது ஓர் இடத்தில்தான். தலைமையாசிரியருக்கு ஓர் ஏணி, வகுப்பாசிரியருக்கு ஓர் ஏணி, புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கு ஓர் ஏணி என்று மூன்று பக்கங்கள் வைத்திருக்கிறோம். அட்டைகள் அதே அட்டைகள்தான்.

பிடிஎஃப்-ஐ முற்றிலும் விட முடியவில்லை. இணையம் இல்லாத இடத்தில் கைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ள அதுதான் வசதி. ஆனால் ஒருமுறை வாட்ஸ்அப்பில் போய்விட்ட பிடிஎஃப்-ஐத் திரும்ப வாங்க முடியாது. எங்கள் பழைய 42 பக்கக் கையேடு இன்னும் எந்தக் குழுவிலோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் இப்போது பிடிஎஃப்-ஆக அனுப்பும்போது, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தயாரித்த நாளையும், புதிய வடிவம் இருக்கும் இணைய முகவரியையும் அச்சிடுகிறோம்.

இப்போது எங்களிடம் 34 அட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை. வருகைப்பதிவைக் கைபேசியில் செய்வதற்கும் கணினியில் பார்ப்பதற்கும் ஒரே அட்டையா, இரண்டா? கேள்வி ஒன்றுதான், ஆனால் திரைகள் வேறு. மூத்த ஆசிரியை இரண்டு என்கிறார், நான் ஒன்று போதும் என்கிறேன். இந்த மாதம் இரண்டாக வைத்து, குழுவில் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பதாக இருக்கிறோம்.